சின்ன வயதில் யாரும் ஆசைப்படாத வேலை

அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதியில் இரவு ரவுண்ட்ஸ் போகிறவர் முதலில் பார்ப்பது கதவுகளைத்தான். மேல்மாடியில் தொடங்கி ஒவ்வொரு தளமாக இறங்கி வருவார். இரண்டு கோடியிலும் உள்ள படிக்கட்டுக் கதவு, பக்கவாட்டு வெளிக்கதவு, துணி துவைக்கும் அறைக் கதவு என ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்ப்பார். எங்காவது பீட்சா அட்டையை மடித்துக் கதவுக்கு அடியில் செருகியிருந்தால் அதை உருவி எடுத்துவிட்டு, கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும்வரை அங்கேயே நிற்பார். எந்தக் கதவு, எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு அடுத்த தளத்துக்கு இறங்குவார். அட்டையைச் செருகியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. சாப்பாடு வாங்கப் போன நண்பன் வரட்டும் என்று வைத்திருப்பார்கள். ஆனாலும் அந்த அட்டையை விட்டுவைக்கக் கூடாது.

1986 ஏப்ரல் 5 அன்று பென்சில்வேனியாவில் உள்ள லீஹாய் பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளெரி என்ற 19 வயது முதலாண்டு மாணவி தன் விடுதி அறைக்குள்ளேயே கொல்லப்பட்டார். கொன்றவன் அதே பல்கலையில் படித்தவன். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகளுக்கு யாரோ முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவற்றின் வழியாகத்தான் உள்ளே வந்தான். பெற்றோர் விடாமல் போராடியதில் 1990-இல் ஒரு சட்டம் பிறந்தது. இன்று அது அந்தப் பெண்ணின் பெயரிலேயே வழங்குகிறது. அரசு நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் வளாகத்தில் நடந்த குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும் என்பது அதன் முக்கியமான விதி. தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு துயரம் உண்டு. 1996 நவம்பரில் மருத்துவ மாணவர் நாவரசு சிதம்பரத்தில் ராகிங்கில் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. விடுதி என்பது வெறுமனே படுத்து எழும் இடம் இல்லை என்பதை இரண்டு ஊர்களுமே பிள்ளைகளைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டன.

அந்தக் கதவை இழுத்துப் பார்ப்பதிலிருந்து பல்கலையின் துணைத் தலைவர் பதவி வரைக்கும் நீளும் ஒரு தனித் தொழில் அமெரிக்காவில் இருக்கிறது. ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் என்பார்கள். மாணவர் நலப் பணி என்று சொல்லிக்கொள்ளலாம். விடுதி, புதிய மாணவர் ஓரியண்டேஷன், ஒழுங்கு விசாரணை, மாணவர் சங்கங்கள், உடற்குறை உள்ளவர்களுக்கான ஏற்பாடு, வேலைவாய்ப்பு வழிகாட்டல், வெளிநாட்டு மாணவர் அலுவலகம் என்று வகுப்பறைக்கு வெளியே மாணவனைத் தொடும் ஏறக்குறைய எல்லாமே இதற்குள் அடங்கும். நம் ஊரில் இவற்றைப் பேராசிரியர்கள் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார்கள். கணக்குப் பாடம் எடுப்பவர் வார்டனாக இருப்பார், இரண்டு மூன்று வருடத்தில் பொறுப்பு வேறொருவருக்கு மாறும், அவர் கற்றுக்கொண்டதெல்லாம் அவரோடு போய்விடும். அங்கே இதற்கென்றே முதுகலைப் படிப்பும் பதவி வரிசையும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கான பெரிய அமைப்புகளும் இருக்கின்றன. நாஸ்பா 1919-இல் தொடங்கியது, ஏ.சி.பி.ஏ. 1924-இல்.

ஒரு பள்ளிப் பிள்ளையிடம் பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர் என்பான், பைலட் என்பான். விடுதிக் கதவைச் சரிபார்க்கப் போகிறேன் என்று எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையும் சொல்லாது. அப்புறம் எப்படி இத்தனை பேர் இந்த வேலைக்கு வருகிறார்கள்?

பெரும்பாலோர் வாடகையின் வழியாக வருகிறார்கள். இதைச் சொன்னால் அந்தத் துறைக்காரர்கள் சிலருக்குப் பிடிக்காது, ஆனால் உண்மை அதுதான். அமெரிக்காவில் கல்விக் கட்டணத்துக்கு அடுத்தபடியாகக் கழுத்தை நெரிப்பது தங்குமிடச் செலவு. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ ஒரு மாணவி ரெசிடென்ட் அசிஸ்டன்ட், சுருக்கமாக ஆர்.ஏ., என்ற விடுதி உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். தன் தளத்தில் உள்ள முப்பது, நாற்பது மாணவர்களுக்கு அக்கா மாதிரி இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அறை இலவசம், பல இடங்களில் சாப்பாடும் உண்டு. மற்றவர்கள் வருவதற்கு ஒன்று இரண்டு வாரம் முன்பே ஆகஸ்டில் வந்து பயிற்சி எடுக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியில் மறக்க முடியாத பகுதி, மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் ஒத்திகை. பழைய ஆர்.ஏ.க்கள் அறைகளுக்குள் உட்கார்ந்துகொள்வார்கள். ஓர் அறையில் குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள், அடுத்த அறையில் அறைத்தோழியோடு ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்று ஆரம்பித்து அழுகை வரை போய்விட்டவள், இன்னோர் அறையில் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பவன். புதியவர் கதவைத் தட்ட வேண்டும், தான் யார் என்று சொல்ல வேண்டும், திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். சாவி கையில் இருந்தாலும் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஒழியத் தானாகத் திறக்கக் கூடாது. முதல் தடவையில் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். அழுகிறவளைப் பார்த்ததும், "என்னிடம் சொல், யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்பார்கள். ஒத்திகை அங்கேயே நின்றுவிடும். அந்த வாக்கை ஓர் ஆர்.ஏ. கொடுக்கவே கூடாது. அவள் சொல்லப்போவது பாலியல் வன்முறையாக இருந்தால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு. ரகசியம் காப்பேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் சொன்னால், அந்தப் பெண் இனி யாரையும் நம்ப மாட்டாள். சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "நீ சொல்வதைக் கேட்க வந்திருக்கிறேன். ஆனால் சில விஷயங்களை நான் மேலே சொல்லியாக வேண்டும். ரகசியமாகவே பேச வேண்டும் என்றால் அதற்கான ஆளிடம் இப்போதே கூட்டிப் போகிறேன்."

இருட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அது தவறு. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை. பேச வழி கிடைக்கிறது. கேட்ட பிறகு அவனைத் தனியே விடாமல் ஆலோசகரிடமோ 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிடமோ ஒப்படைக்கும்வரை கூடவே இருப்பதுதான் ஆர்.ஏ.வின் வேலை. அவனைக் குணப்படுத்துவது அவர் வேலை இல்லை.

வாடகைக்காக வந்த பெண் இந்த ஒத்திகையிலோ, அடுத்து வரும் செப்டம்பர் இரவு ஒன்றிலோ, தனக்கு இது வருகிறது என்று கண்டுகொள்கிறாள். பதற்றத்தில் எல்லோரும் ஓடும்போது தான் நின்று பேச முடிகிறது என்பது இருபது வயதில் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளும் பெரிய விஷயம். அப்போது அவளுக்கு மேலே இருக்கும் ஹால் டைரக்டர் ஒருநாள் கேட்பார், "இதையே வேலையாகச் செய்யலாம், தெரியுமா?" இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத்தான் சொல்வார்கள். விளம்பரம் பார்த்து வந்தவர்கள் குறைவு. யாரோ ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் வந்தவர்கள் அதிகம்.

இன்னொரு வழி, தானே தத்தளித்து மீண்டவர்களின் வழி. வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்குக் கல்லூரியில் யாரும் எழுதி வைக்காத விதிகள் நூறு இருக்கும். பேராசிரியரின் அலுவலக நேரம் என்றால் போய்ப் பார்க்கலாம் என்று அர்த்தம், கட்டணம் கட்ட முடியவில்லை என்றால் பெயர் நீக்கும் முன்பே ஃபைனான்ஷியல் எய்டில் பேச வேண்டும் என்பதெல்லாம் யாராவது சொன்னால்தான் தெரியும். 1964 முதல் 1968 வரை வந்த மூன்று கூட்டாட்சித் திட்டங்கள் இத்தகைய பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டவை. மூன்று என்பதால் டிரையோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றோர் இருவரில் யாருக்கும் நாலாண்டுப் பட்டம் இல்லாதவர்கள், வருமானம் குறைந்தவர்கள், உடற்குறை உள்ளவர்கள் இதில் சேரலாம். இதன் வழியாகப் படித்து முடித்தவர்கள் அதே அலுவலகத்துக்கு ஊழியராகத் திரும்பி வருவதை அடிக்கடி பார்க்கலாம். முதல் பட்டதாரிச் சலுகையில் படித்த நம் ஊர்ப் பிள்ளைக்கு இந்த மனம் விளக்காமலே புரியும். தான் தடுக்கி விழுந்த படியில் பின்னால் வருகிறவன் விழக் கூடாது என்ற எண்ணம் அது.

இந்த எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் அது மட்டும் போதாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உதவ வேண்டும் என்ற ஆசை ஒருவரை இந்த வேலைக்குள் கொண்டுவரும், ஆனால் நிலைக்க வைக்காது. நிலைப்பவர்கள் விதிகளில் ருசி கண்டவர்கள். ஒரு விதி எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் வளையும், எந்தத் தேதிக்கு முன் எந்தப் படிவத்தைக் கொடுத்தால் ஒரு பிள்ளையின் வருடம் வீணாகாமல் போகும் என்று தெரிந்து வைத்திருப்பதில் சந்தோஷம் காண்பவர்கள். மாணவனின் கண்ணீரைத் துடைக்க நண்பர்கள் இருக்கிறார்கள். அவன் கையில் இருக்கும் காகிதத்தைப் படித்து வழி சொல்ல ஆள் குறைவு.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் நிற்கும் வாசல் அது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளநிலை படிப்பவர் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். முதுநிலைக்குப் பல்கலையே வரையறுக்கும், பெரும்பாலும் 9. அக்டோபரில் ஒரு பாடம் கைமீறிப் போகிறது. தோற்றால் ஜி.பி.ஏ. விழுந்துவிடுமே என்று மாணவன் இரவோடு இரவாகக் கணினியில் அந்தப் பாடத்தை விட்டுவிடுகிறான், மறுநாள் வந்து சொல்கிறான். இங்கே எல்லாமே வரிசையில் இருக்கிறது. முதலில் அலுவலகத்தின் அனுமதி, அது வெளிநாட்டு மாணவர் விவரங்களை அரசு வைத்திருக்கும் செவிஸ் கணினியில் பதிவாக வேண்டும், அதன் பிறகுதான் பாடத்தை விட வேண்டும். உடல்நிலை காரணம் என்றால் உரிமம் பெற்ற மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ கடிதம் வாங்கிவந்தால் அந்தப் பட்டப் படிப்பு முழுவதற்குமாக 12 மாதம் வரை சுமையைக் குறைக்கலாம், தேவைப்பட்டால் பூஜ்யம் வரைக்கும்கூட. அமெரிக்கக் கற்பிக்கும் முறை பழகவில்லை, மொழி தடுக்கிறது போன்ற கல்விக் காரணம் என்றால் ஒரு பட்டத்துக்கு ஒரே தடவை, அதுவும் பாதிச் சுமையாவது எடுத்தாக வேண்டும். அனுமதிக்கு முன்பே 12-க்குக் கீழே போனவனின் விசா நிலை முறிந்துபோகும். அதை மீட்கக் குடியேற்றத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், பொதுவாக 5 மாதத்துக்குள். அதே மாணவன், அதே கஷ்டம், அதே மருத்துவர் கடிதம். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் இரண்டு பக்கப் படிவத்தில் முடிந்திருக்கும்.

ஆகவே நல்ல அதிகாரி அக்டோபர்வரை காத்திருக்க மாட்டார். ஆகஸ்ட் ஓரியண்டேஷனில் நாற்பது விதிகளை நாற்பது ஸ்லைடில் போட்டால் விமானக் களைப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது. "பாடத்தை விடும் முன் என்னைப் பார். வேலை தொடங்கும் முன் என்னைப் பார். ஊரைவிட்டு வெளிநாடு போகும் முன் என்னைப் பார். வீடு மாறினால் 10 நாளுக்குள் சொல்." இந்த நாலை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, பாடம் விடுவதற்கான கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு மின்னஞ்சல் போடுவார். இந்தத் தொழிலின் திறமை பெரும்பாலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கும். நடக்காமல் போன விபத்துக்கு யாரும் நன்றி சொல்ல வரமாட்டார்கள். அந்த நன்றியை எதிர்பார்த்து வந்தவர்கள் சீக்கிரம் வாடிப்போகிறார்கள்.

பெற்றோர் விஷயமும் அப்படித்தான். மதுரையிலிருந்து ஒரு தாய் போன் செய்கிறார், பையன் ஒரு வாரமாக எடுக்கவில்லை, பரீட்சையில் என்ன மார்க் என்று கேட்கிறார். 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தவுடன் கல்விப் பதிவேட்டின் உரிமை பெற்றோரிடமிருந்து மாணவன் கைக்கு மாறிவிடுகிறது. பெற்றோரிடம் மார்க்கைச் சொல்ல வேண்டும் என்றால் பொதுவாக அவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அல்லது அமெரிக்க வரிக் கணக்கில் அவன் பெற்றோரைச் சார்ந்தவனாக இருக்க வேண்டும், அல்லது உயிருக்கு ஆபத்தான அவசரமாக இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர், "சட்டப்படி பேச முடியாது" என்று சொல்லி வைத்துவிடுவார். சட்டத்தைப் பாதி படித்ததன் விளைவு இது. ஃபெர்பா சொல்வதைத்தான் தடுக்கிறது, கேட்பதைத் தடுக்கவில்லை. அனுபவசாலி இப்படிப் பேசுவார்: "அம்மா, மார்க்கை நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கடைசியாக எப்போது பேசினீர்கள்? குரல் எப்படி இருந்தது?" வைத்த கையோடு விடுதிக்கு ஆள் அனுப்பி அறைக் கதவைத் தட்டச் சொல்வார். பையன் கதவைத் திறந்தால் சொல்ல வேண்டியது ஒன்றே: "அம்மா கவலையாக இருக்கிறார், ஒரு போன் போட்டுவிடு." பத்தில் ஒன்பது தடவை சார்ஜர் தொலைந்த கதையாகத்தான் இருக்கும். பத்தாவது தடவைக்காகத்தான் ஒன்பது தடவையும் தட்டுகிறோம்.

இந்தத் தொழில் பெற்றோரின் இடத்தில் நின்றுதான் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஹார்வர்டில் 1891-இல் லெபாரன் ரஸ்ஸல் பிரிக்ஸ் டீன் ஆனபோது மாணவர்களைக் கவனிப்பது ஒரு பதவியின் வேலையானது. 1892-இல் திறந்த சிகாகோ பல்கலையில் ஆலிஸ் ஃப்ரீமன் பாமரும் மேரியன் டால்பட்டும் பெண் மாணவர்களுக்குப் பொறுப்பேற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் லூசி டிக்ஸ் ஸ்லோ. ஹோவர்ட் பல்கலையில் 1922 முதல் 1937-இல் இறக்கும்வரை பெண்கள் டீனாக இருந்த கறுப்பினப் பெண்மணி. 1917-இல் தேசிய டென்னிஸ் பட்டம் வென்றவரும்கூட. டீன் என்றால் விடுதி ஆயா இல்லை, படித்துப் பயிற்சி பெற்ற கல்வியாளர் என்று சாகும்வரை வாதாடினார். வளாகத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று நிர்வாகம் நெருக்கியபோது மறுத்தார். வேலை செய்யும் இடத்திலேயே வசிக்க வேண்டுமா என்ற அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. ஹால் டைரக்டர்கள் கூடும் இடத்தில் எல்லாம் கேட்கலாம்.

1937-இல் அமெரிக்கக் கல்வி மன்றம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவனை முழு மனிதனாகப் பார்க்க வேண்டும், அறிவை மட்டும் வளர்த்தால் போதாது என்பது அதன் சாரம். இன்றைக்கும் முதுகலை வகுப்பில் முதல் வாரம் படிக்கக் கொடுப்பது அதைத்தான். ஆனால் நடைமுறையை மாற்றியது அந்த அறிக்கையைவிட ஒரு வழக்கு. 1960 பிப்ரவரியில் அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் மாண்ட்கமரி நீதிமன்றக் கட்டடத்தின் வெள்ளையர் உணவகத்தில் போய் அமர்ந்தார்கள். எந்த விசாரணையும் இல்லாமல் கல்லூரி சிலரை வெளியேற்றியது. 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது: அரசுக் கல்லூரி ஒரு மாணவனை நீக்கும் முன் குற்றச்சாட்டை அவனுக்குத் தெரிவிக்க வேண்டும், அவன் பக்கத்தைக் கேட்க வேண்டும். அப்பா அடிப்பது மாதிரி அடிக்கிற உரிமை டீன்களிடமிருந்து அன்றே நழுவத் தொடங்கியது. எனக்குத் தெரிந்தவரை இந்தத் தொழிலுக்குக் கிடைத்த பெரிய கொடை அதுதான். அன்பை முறையோடு செலுத்தக் கற்றுக்கொடுத்தது அந்தத் தீர்ப்பு.

அந்த முறை ஓர் ஆர்.ஏ.வின் கையில் இன்சிடென்ட் ரிப்போர்ட்டாக வருகிறது. தூங்கப் போகும் முன் எழுதி முடிக்க வேண்டும். "அவன் குடித்திருந்தான்" என்று எழுதக் கூடாது. "பேச்சு குழறியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், பேசும்போது மதுவாடை வந்தது" என்று கண்டதையும் கேட்டதையும் முகர்ந்ததையும் எழுத வேண்டும். "கஞ்சா புகைத்தார்கள்" என்பதும் கூடாது. "அறையிலிருந்து கஞ்சா போன்ற வாடை வந்தது, கதவைத் தட்டியபின் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது". எத்தனை மணி, யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், பிறகு யாரை அழைத்தீர்கள். "வழக்கம்போல" என்ற ஒரே வார்த்தை போதும், முழு அறிக்கையும் கெட்டுவிடும், எழுதியவருக்கு ஏற்கெனவே அவன்மேல் கசப்பு இருந்தது என்று காட்டிவிடும். இதை அந்த மாணவனே கேட்டுப் படிக்கலாம். கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். விசாரணை அதிகாரி படிப்பார், சில சமயம் வக்கீலும் படிப்பார். மாணவனுக்கு முன்னால் சத்தமாக வாசித்தாலும் கூசாத அறிக்கைதான் நல்ல அறிக்கை.

இனி பணம். ஆர்.ஏ.வாக இருந்தவர் அடுத்து இரண்டாண்டு முதுகலைக்குப் போவார். மாணவர் வளர்ச்சிக் கோட்பாடுகள், உயர்கல்விச் சட்டம், ஆலோசனைத் திறன், நிர்வாகம் ஆகியவை பாடங்கள். உளவியலாளர் நெவிட் சான்ஃபோர்டின் ஒரு கருத்து எல்லோருக்கும் மனதில் நிற்கும்: சவால் மட்டும் இருந்தால் மாணவன் ஓடிவிடுவான், ஆதரவு மட்டும் இருந்தால் வளரமாட்டான். நாற்றங்கால் பார்த்தவர்களுக்கு வெயிலையும் நிழலையும் பற்றிச் சொல்லவா வேண்டும். கூடவே வாரம் 20 மணி நேரம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் அசிஸ்டன்ட்ஷிப். அதற்குக் கட்டண விலக்கும் சிறு உதவித்தொகையும் கிடைக்கும். அசிஸ்டன்ட்ஷிப் இல்லாமல் கடன் வாங்கி இந்தப் பட்டத்தைப் படிப்பது புத்திசாலித்தனம் இல்லை. வரப்போகும் சம்பளம் அந்தக் கடனைத் தாங்காது. அனுபவம் இல்லாத பட்டத்துக்கு வேலையும் எளிதில் கிடைக்காது.

முடித்தவுடன் பெரும்பாலும் கிடைப்பது விடுதிக்குள்ளேயே குடியிருக்கும் ஹால் டைரக்டர் வேலை. சில நூறு மாணவர்கள், பத்து இருபது ஆர்.ஏ.க்கள், அவசர அழைப்புகளுக்குச் சுற்றுமுறையில் டியூட்டி போன். வீடு இலவசம். வேலைக்காக அங்கேதான் இருந்தாக வேண்டும் என்பதால் அந்த வீட்டின் மதிப்புக்குப் பொதுவாக வருமான வரியும் இல்லை. ஆனால் கையில் வரும் பணம் குறைவு. கூட்டாட்சிச் சட்டப்படி ஆண்டுக்கு 35,568 டாலராவது நிலையான சம்பளம் வாங்கும் நிர்வாகப் பணியாளருக்கு ஓவர்டைம் கொடுக்காமல் விடலாம். 2024 ஜூலையில் அந்த வரம்பை 43,888 ஆக உயர்த்தினார்கள். பல ஹால் டைரக்டர்கள் மூச்சுவிட்டார்கள். நவம்பரில் டெக்சாஸ் நீதிமன்றம் அந்த உயர்வை ரத்து செய்தது, பழைய வரம்பே திரும்பிவிட்டது. இரவு மூன்று மணிக்குத் தீயெச்சரிக்கை மணி அடித்து நானூறு பேரைப் பனியில் நிறுத்தி எண்ணுகிறவருக்கு அந்த மணி நேரங்களுக்குக் காசு இல்லை. நாலைந்து வருடத்தில் பலர் விடுதியை விட்டு நகர்கிறார்கள். கல்யாணம் ஆனவர், கைக்குழந்தை உள்ளவர் எப்படி அங்கே இருப்பார்? பாசம் குறைந்ததால் அவர்கள் போகவில்லை. அவர்களை விட்டுவிட்டு, "இது வேலை இல்லை, அழைப்பு" என்று பேசும் நிர்வாகங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அழைப்பு என்ற வார்த்தையை வைத்து மளிகைக் கடையில் அரிசி வாங்க முடியாது.

அமெரிக்காவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் சிலருக்கு இந்த வழியில் ஆசை வருகிறது. அவர்களுக்காகச் சில விஷயங்கள். எஃப்-1 மாணவர் பருவ காலத்தில் வளாகத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஆர்.ஏ. வேலையில் பணம் வராமல் அறைதான் கிடைக்கிறது என்றாலும் அதுவும் வேலைதான். ஏற்கெனவே 20 மணி நேர டி.ஏ. (ஆசிரியர் உதவியாளர்) வேலை இருந்தால் இரண்டும் சேராது. விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தனக்கு உதவிய வெளிநாட்டு மாணவர் ஆலோசகரைப் பார்த்துத் தானும் அப்படி ஆக வேண்டும் என்பதுதான் பலரின் கனவு. ஆனால் மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்தைக் கொடுக்கும் அதிகாரம் உள்ள டி.எஸ்.ஓ. பதவிக்கு அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தாக வேண்டும். அதே அலுவலகத்தில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு, ஓரியண்டேஷன், பண்பாட்டு மையம் போன்ற பொறுப்புகளுக்கு அந்தத் தடை இல்லை. ஹெச்-1பி விசாவுக்கு ஆண்டுதோறும் நடக்கும் 85,000 பேருக்கான குலுக்கலிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் சட்டம் இடம் கொடுப்பதால் ஒரு பல்கலை விசா எடுத்துக் கொடுத்துவிடாது. தொடக்க நிலை விடுதி வேலைகளுக்குப் பல இடங்களில் எடுத்துத் தருவதில்லை. முதல் நேர்காணலிலேயே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நேர்காணலில் கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. டியூட்டி போன் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை கைக்கு வரும்? டியூட்டி இரவு முழுக்க விழித்திருந்தால் மறுநாள் காலை எத்தனை மணிக்கு வரச் சொல்வீர்கள்? கோடையில் விடுதி மூடினால் குடியிருப்பு உண்டா, சம்பளம் 10 மாதத்துக்கா 12 மாதத்துக்கா? ஒரு மரணம் நடந்தால் ஊழியர்களோடு உட்கார்ந்து பேச யார் வருவார்கள்? இதற்கு முன் இந்த அறையில் குடியிருந்தவர் எத்தனை வருடம் இருந்தார், ஏன் போனார்? கடைசிக் கேள்விக்கு எதிரே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், வளாகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்னோர் இடத்தின் வேலைக் கடிதத்துக்குக் காத்திருங்கள்.